ஞாயிறு வேண்டாம், வேலை நாளில் வரட்டும்

ஐயா,

பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் காகிதக் கடை வைத்திருக்கிறேன். சென்னையில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்கள் இந்தப் பக்கம் சுற்றிப் பார்க்க வருவது மனதுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் கூட்டி வருகிறார்கள். நெரிசல் இருக்காது, சரி. ஷட்டர் இறங்கிய தெருவில் பார்க்க என்ன இருக்கிறது?

போன மாதம் வேலை நாளில் ஓர் ஆப்பிரிக்க மாணவி வந்தார். கல்யாணப் பத்திரிகை வாங்க வந்த அம்மா, முதல் பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவதைக் கவனித்துவிட்டு, காரணம் கேட்டார். அந்த அம்மா அவர் கையிலும் மஞ்சளைக் கொடுத்துத் தடவச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை இது கிடைக்குமா?

பக்கத்திலேயே அரண்மனைக்காரத் தெருவில் ஆர்மீனியர் தேவாலயம் இருக்கிறது. உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழ் 1794-ல் அச்சானது இந்த ஊரில்தான். அதற்கும் முன்பே, 1726-ல் சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குப் பாலம் கட்டித் தந்தவர் ஆர்மீனிய வணிகர் உஸ்கான். பரங்கிமலைப் படிக்கட்டும் அவர் போட்டதே. வெளியூரிலிருந்து வந்து இந்த ஊரை வளர்த்தவர்களின் கதை, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அவசியம் போய்ச் சேர வேண்டும்.

பல்கலைக்கழகங்கள் உள்ளூர் மாணவர்களையும் துணைக்கு அனுப்பட்டும். மாநகராட்சி தெருமுனைகளில் வரலாற்றுப் பலகை வைக்கட்டும்.

காகித வியாபாரி,
சென்னை-1