அழிக்கச் சொல்வதை எழுத்தில் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மன்னார்குடிப் பக்கம் ஒரு நேரடி கொள்முதல் நிலையத்தில் குறுவை நெல் மழையில் நனைந்து முளைவிட்டுக் கிடந்ததை என் தம்பி மகன் செல்போனில் வீடியோ எடுத்து முகநூலில் போட்டான். லாரி வராமல் மூட்டைகள் தேங்கியதையும், ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று விவசாயிகளின் நெல்லைத் திருப்பியதையும் அதில் சொல்லியிருந்தான். மறுநாள் காவல் நிலையத்திலிருந்து பேசுவதாக ஒரு போன். "வதந்தி பரப்புறேன்னு கேஸ் ஆயிடும், எடுத்துடு தம்பி." பயந்துபோய் எடுத்துவிட்டான். எந்தச் சட்டம், யார் உத்தரவு என்று கேட்க எங்கள் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

இணையத்தில் யார் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்று நான் சொல்லவில்லை. 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் எரிந்தபோது, அடிதடி வீடியோக்கள் இரண்டு மாநிலத்திலும் எப்படிக் கோபத்தைக் கிளறின என்பது டெல்டாக்காரர்களுக்குத் தெரியும். பொது ஒழுங்குக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்க அரசியல் சாசனத்தின் 19(2) பிரிவு இடம் கொடுக்கிறது. சரி. முளைத்த நெல்லைக் காட்டினால் எந்த ஒழுங்கு கெடும்?

இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் சிறை என்ற தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இணையப் பக்கங்களை முடக்கும் 69ஏ பிரிவை மட்டும் அதே தீர்ப்பு விட்டுவைத்தது. காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்று அந்தப் பிரிவே சொல்வது அதற்கு ஒரு முக்கியக் காரணம். எழுத்தில் இருந்தால்தானே கோர்ட்டுக்குப் போக முடியும்! செத்துப்போன 66ஏ-யில் அதன் பிறகும் போலீஸ் வழக்குப் போட்டுக்கொண்டிருந்ததால், யார் மீதும் அதில் வழக்கு நடத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் திரும்பவும் உத்தரவிட வேண்டியிருந்தது.

2025 பிப்ரவரியில் ஒரு கார்ட்டூனுக்காக விகடன் இணையதளமே முடக்கப்பட்டது. கார்ட்டூனைத் தற்காலிகமாக எடுக்கச் சொல்லி, தளத்தைத் திறக்க மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பெரிய பத்திரிகை என்பதால் வழக்காட முடிந்தது. போனில் மிரட்டப்படும் விவசாயி எதை எதிர்த்து வழக்காடுவான்?

தை மாதம் சம்பா அறுவடை தொடங்கிவிடும். அதற்குள் தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்கள் எல்லாக் காவல் நிலையங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும்: பதிவை நீக்கச் சொல்வதானால் சட்டப் பிரிவு, காரணம், அதிகாரியின் பெயர், கையெழுத்து எல்லாம் உள்ள நோட்டீஸ் கொடுங்கள், போனில் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
மன்னார்குடி