கிறிஸ்தவ மெட்டல் ஆல்பம் வெளியிடும் நிறுவனத்தாருக்கு: பாட்டோடு வரிகளையும் தாருங்கள்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். மெட்டல் என்ற அதிரடி ராக் இசையில் ஆண்டவரைப் பாடும், நாங்கள் காத்துக் கிடந்த குழுவின் புதிய ஆல்பத்திலிருந்து முதல் பாட்டைப் போன வெள்ளிக்கிழமை வெளியிட்டீர்கள். நன்றி. கிடாரும் டிரம்ஸும் ஆசைப்பட்டபடியே வந்திருக்கின்றன. வீடியோவில் அசையாத ஓர் அட்டைப்படம், கீழே முன்பதிவுக்கான இணைப்பு, ஏழெட்டு நிறங்களில் வினைல் இசைத்தட்டு, டி-சர்ட், கிடார் பிக். எல்லாம் இருக்கிறது, பாட்டின் வரிகளைத் தவிர.

உறுமுவது போலப் பாடும் க்ரௌல் குரலில் மெய்யெழுத்துகள் பாதி கரைந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மற்ற மெட்டல் குழுக்களின் ரசிகர்கள் "குரலும் ஒரு வாத்தியம்தான்" என்று சொல்லித் தேற்றிக்கொள்ளலாம். எங்களால் முடியாது. இந்த இசையைக் 'கிறிஸ்தவ' மெட்டல் ஆக்குவதே வரிகள்தானே?

இப்போது எங்கள் நிலைமையைக் கேளுங்கள். இரண்டாவது சரணத்தின் கடைசி வரியில் பாடகர் ஆண்டவரை மறுதலிப்பேன் என்கிறாரா, மறுதலிக்க மாட்டேன் என்கிறாரா? ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறோம். வேகத்தைக் குறைத்துக் கேட்டாயிற்று, ஹெட்போனை மாற்றியும் கேட்டாயிற்று. தானியங்கி வரிகளோ அந்த இடத்தில் சமையல் குறிப்பு மாதிரி ஏதோ காட்டுகின்றன. பக்கத்து அறையிலிருந்து அம்மா, "இவன் என்னதான்டா சொல்றான்?" என்று கேட்டார். "சாமி பாட்டும்மா" என்றேன். அவர் நம்பவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது.

வரி தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெளியே போய்ச் சாட்சி தேட வேண்டியதில்லை. 2018-இல் ஸ்ட்ரைப்பர் என்ற கிறிஸ்தவ மெட்டல் குழு 'காட் டேம் ஈவில்' என்று ஓர் ஆல்பம் வெளியிட்டது. அதன் முதல் இரண்டு சொற்கள் ஆங்கிலத்தில் வசைச்சொல்லாகவும் ஒலிக்கும். தீமையைக் கடவுள் தண்டிக்கட்டும் என்ற வேண்டுதல்தான் அந்தத் தலைப்பு என்று குழுவினர் விளக்கினார்கள். ஆனாலும் அமெரிக்காவின் பெரிய சங்கிலிக் கடை ஒன்று அதை விற்க மறுத்துவிட்டது. தெளிவாக வாசிக்க முடிகிற மூன்று சொற்களுக்கே இந்தக் கதி.

1990-களில் இப்படி இல்லை. அப்போது வந்த கிறிஸ்தவ மெட்டல் சி.டி.க்கள் பலவற்றில், உள்ளே வைத்த கையேட்டைப் பிரித்தால் பொடி எழுத்தில் வரிகள் இருக்கும், கீழே வேத வசன எண்ணும் இருக்கும். டூர்னிகே குழு 1992-இல் 'பேத்தோஜெனிக் ஆக்யுலர் டிஸொனன்ஸ்' என்று ஆல்பத்துக்குப் பெயர் வைத்து எங்களை மருத்துவ அகராதி தேட வைத்தது, சரி. தேடுவதற்குச் சொல்லாவது கையில் இருந்தது! "ஆல்பம் வரட்டும், கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்பீர்கள். அதற்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. அப்புறம், கடல் தாண்டி அந்த வினைலை வரவழைக்கும் தபால் செலவு அதன் விலையையே விழுங்கிவிடும்.

வினைலில் இத்தனை நிறம் எதற்கு என்றும் புரியவில்லை. ஒரே பாட்டை நீலத்தில் கேட்டால் ஒரு மாதிரியும் ஆரஞ்சில் கேட்டால் வேறு மாதிரியும் இருக்குமா? நிறம் பிரித்து அச்சிட ஆள் இருக்கிறது, பாடகர் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் இருபது வரியை நகலெடுத்து ஒட்ட ஆள் இல்லை. ஸ்ட்ரைப்பர்காரர்கள் மேடையிலிருந்து கூட்டத்துக்குள் புதிய ஏற்பாட்டையே வீசிக் கொடுத்தவர்கள். அந்த மரபில் வந்த நீங்கள் ஒரு பக்கம் வரி கொடுக்க இவ்வளவு யோசிக்கிறீர்கள்.

கோபத்தில் கொஞ்சம் அதிகம் பேசியிருந்தால் மன்னிக்கவும். அடுத்த பாட்டு வரப்போகிறது என்று அறிவித்திருக்கிறீர்கள். அது வெளியாகும் அன்றே, வீடியோவின் கீழே, முன்பதிவு இணைப்புக்கு அடுத்தபடியாகவாவது, முழு வரிகளையும் தயவுசெய்து போடுங்கள். ஸ்ட்ரீமிங் தளங்களுக்கும் அதையே அனுப்பிவிடுங்கள். முதல் பாட்டின் வரிகளை இந்த வாரமே போட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
முன்பதிவுக்குப் பணம் கட்டிவிட்ட ஒரு ரசிகன்