பூஜ்யம் என்று போடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு நிறுவனத்தில் மின்கட்டண ரசீதுகளைச் சேர்த்துக் கார்பன் கணக்கு, அதாவது நிறுவனத்தால் எவ்வளவு கரியமில வாயு வெளியாகிறது என்ற கணக்கு, எழுதுவது என் வேலை. புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சான்றிதழ் ஒன்று, 1,000 யூனிட் பசுமை மின்சாரம் உற்பத்தியானதற்கு அத்தாட்சி. ஆண்டுக்கு 50 லட்சம் யூனிட் வாங்கும் நிறுவனம் 5,000 சான்றிதழ் வாங்கினால், அந்த மின்சாரத்துக்கான உமிழ்வைப் பூஜ்யம் என்று காட்டலாம். விதிப்படி சரிதான். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு ஓடும் இயந்திரத்துக்கு அனல்மின் நிலையத்திலிருந்தே மின்சாரம் வந்திருக்கலாம். பகலில் வேறெங்கோ சூரியத் தகடு தந்த சான்றிதழ் அதை ஏட்டில் ஈடுகட்டிவிடுகிறது. இது என்னை உறுத்துகிறது. என்றோ கட்டி முடித்த நீர்மின் நிலையத்தின் சான்றிதழை வாங்குவதால் புதிதாக ஒரு காற்றாலை வந்துவிடுமா?

அப்புறம், ஜெனரேட்டரில் எரியும் டீசலுக்கு இந்தச் சான்றிதழ் செல்லாது.

நிறுவனங்கள் உமிழ்வைக் கணக்கிடப் பின்பற்றும் சர்வதேச விதிமுறையான பசுங்குடில் வாயு நெறிமுறை (GHG Protocol) 2015 முதல் இரண்டு எண்களைக் கேட்கிறது: சான்றிதழைக் கணக்கில் சேர்த்து ஒன்று, மின்சாரம் வரும் பொது மின்தொகுப்பின் (கிரிட்) சராசரி உமிழ்வை வைத்து இன்னொன்று. ‘நூறு சதவீதம் பசுமை’ என்று ஒரு நிறுவனம் அறிவித்தால், தயவுசெய்து அந்த இரண்டாவது எண்ணையும் கேட்டு வாங்கி, பக்கத்திலேயே அச்சிடுங்கள். சான்றிதழ் எந்த ஆண்டு, எந்த நிலையத்துடையது என்பதையும் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கணக்காளர்