குவாண்டம் கணினி நாளையைக் காட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குவாண்டம் கணினி வந்துவிட்டால் நாளை நடக்கப்போவதை இன்றே பார்த்துவிடலாம் என்ற பேச்சு அடிபடுகிறது. படித்தவர்களே இதை நம்பிப் பகிர்வது கவலையாக இருக்கிறது.

அணு போன்ற மிகச்சிறு துகள்களின் நடத்தையை விளக்கும் குவாண்டம் இயற்பியலின் அடிப்படையில்தான் இந்தக் கணினி இயங்குகிறது. அந்த இயற்பியல் சொல்வது கிட்டத்தட்ட இதற்கு நேர்மாறு. தானாகவே சிதையும் கதிரியக்கக் கார்பனான கார்பன்-14 அணுக்களை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய குவியல் ஒன்றில் பாதி அணுக்கள் சிதைய ஏறத்தாழ 5,730 ஆண்டுகள் ஆகும் என்று தைரியமாகச் சொல்லலாம். ஆனால் அதில் குறிப்பிட்ட ஓர் அணு அடுத்த நொடியே சிதையுமா, பத்தாயிரம் ஆண்டு தாங்குமா? சொல்ல முடியாது. கருவி போதாததால் அல்ல; கோட்பாடு தருவதே நிகழ்தகவைத்தான். இயற்பியலாளர் மாக்ஸ் பார்ன் 1926-லேயே இதை முன்வைத்துவிட்டார். துகளுக்குள்ளேயே விடை முன்கூட்டி எழுதப்பட்டிருக்கும் என்ற எளிய விளக்கமும், அதைச் சோதிக்க இயற்பியலாளர் ஜான் பெல்லின் கருத்தின்படி நடந்த பெல் சோதனைகளில் எடுபடவில்லை. அந்தச் சோதனைகளுக்குத்தான் 2022-ல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, அப்புறம் குவாண்டம் கணினி எதற்கு? மூலக்கூறுகளின் நடத்தையைக் கணக்கிட, பெரிய எண்களைக் காரணிப்படுத்த என்று சில வேலைகளுக்கு அது பெரிதும் உதவக்கூடும். மதிக்க வேண்டிய ஆராய்ச்சி அது. ஆனால் எவ்வளவு வேகமாகக் கணக்குப் போட்டாலும், அளவீட்டில் விழுந்த சிறு பிழை நாளாக நாளாகப் பெருகுவதை அது தடுக்காது. வானிலைக் கணிப்புக்கும் இதே கதிதான்.

கடனிலும் நோயிலும் தவிப்பவர்கள்தான் எதிர்காலத்தைக் காட்டுவதாகச் சொல்பவர்களிடம் பணத்தை இழக்கிறார்கள். எனவே இத்தகைய செய்திகளை வெளியிடும்போது இயற்பியலாளர் ஒருவரின் விளக்கத்தையும் கூடவே சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்