எந்தப் பிரதியை விற்கிறீர்கள்? – பழைய ஐரோப்பிய சரசப் படங்களை வட்டாக வெளியிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்புக்குரிய வெளியீட்டாளர்களுக்கு,

வணக்கம். 1960களின் இறுதியிலும் 1970களின் முதற்பாதியிலும் இத்தாலி, மேற்கு ஜெர்மனி, ஆஸ்திரியா ஆகிய நாடுகளில் எடுக்கப்பட்ட சரசக் கேலிப் படங்களை, அதாவது பழங்கால உடையணிந்த போர்வீரர்களும் துறவிகளும் ஆலைக்காரர்களின் மனைவியரும் படுக்கையறைக்கும் தானியக் கிடங்குக்கும் இடையே ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும் படங்களை, நெகட்டிவைத் தேடிக் கண்டெடுத்து, கீறல்களை நீக்கி, புளூ-ரே வட்டுகளாக வெளியிட்டு வருகிறீர்கள். அவற்றைக் காசு கொடுத்து வாங்கிப் பார்க்கும் சிறு கூட்டத்தில் நானும் ஒருவன். இத்தகைய படங்களை வெளியிடுவது தகுமா என்று கேட்க நான் வரவில்லை; தகும் என்பதே என் கருத்து. எந்தப் பிரதியை, எந்த மொழி வசனத்தோடு எங்களுக்கு விற்கிறீர்கள் என்பதை மேலுறையில் சொல்லாமல் விடுகிறீர்கள் என்பதுதான் என் முறையீடு.

அண்மையில் இவ்வகை இத்தாலியப் படம் ஒன்றின் வட்டை வாங்கினேன். ‘வெட்டப்படாத முழுப் பிரதி’ என்று மேலுறையில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். உள்ளே இருந்ததோ ஆங்கில டப்பிங் மட்டுமே. சப்டைட்டில் இருந்தது, ஆனால் அது அந்த ஆங்கில டப்பிங்கைக் கேட்டு அப்படியே எழுதிவைத்தது. படத்தின் நடுவில் ஒரு காட்சியில் துறவி கதவைத் திறக்கிறார். அடுத்த நொடியில் அவர் சன்னல் வழியே கீழே விழுந்து கிடக்கிறார். இடையில் என்ன நடந்தது என்பது தணிக்கையாளரின் கத்தரிக்கோலுக்கே வெளிச்சம். எந்த நிறுவனம் என்று இங்கே சொல்லப்போவதில்லை. ஏனெனில் இந்தப் பழக்கம் உங்களில் ஒருவருக்கு மட்டும் உரியதன்று.

மேலுறையில் நீங்கள் அச்சிடும் ஓடும் நேரமும் பல வேளைகளில் உதவுவதில்லை. திரையரங்கில் நொடிக்கு 24 சட்டகமாக (ஃபிரேமாக) ஓடிய படத்தை ஐரோப்பியத் தொலைக்காட்சித் தரமான ‘பால்’ (PAL) முறை வீடியோவுக்கு மாற்றும்போது நொடிக்கு 25 சட்டகமாக ஓட்டினார்கள். அதனால் 96 நிமிடப் படம் ஒரு சட்டகமும் வெட்டுப்படாமலேயே 92 நிமிடமாகச் சுருங்கியது. நடிகர்களின் குரலும் சற்றே கீச்சிட்டது. இது தெரியாமல் ‘நான்கு நிமிடத்தை விழுங்கிவிட்டார்கள்’ என்று புலம்பியவர்கள் உண்டு. இதற்கு மாறாக, உண்மையிலேயே நான்கு நிமிடம் வெட்டப்பட்ட பிரதியை ‘அது வேக வேறுபாடுதான்’ என்று எண்ணி ஏமாந்தவர்களும் உண்டு, அவர்களுள் நானும் சேர்த்தி. எந்த மூலத்திலிருந்து, எந்த வேகத்தில் எடுத்த பிரதி என்று ஒரே ஒரு வரி இருந்திருந்தால் இந்தக் குழப்பமே இல்லை.

வெட்டுகளின் வரலாறும் ஒரே சீராக இல்லை. இத்தாலியில் 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி இப்படங்களுள் பலவும் 18 வயதுக்கு உட்பட்டோர் பார்க்கக் கூடாது என்ற முத்திரையுடன் திரைக்கு வந்தவை. பின்னர் 1990ஆம் ஆண்டு ஒளிபரப்புச் சட்டம் அந்த முத்திரை பெற்ற படங்களைத் தொலைக்காட்சியில் காட்டவே கூடாது என்றும், 14 வயது முத்திரை பெற்றவற்றை இரவு பத்தரை மணிக்குப் பிறகே காட்டலாம் என்றும் விதித்தது. ஆகவே உரிமையாளர்கள் தாங்களே படத்தை வெட்டி, மறுபடியும் தணிக்கைக் குழுவின் முன் வைத்து, முத்திரையைக் குறைத்து வாங்கிக்கொண்டார்கள். ஒரே படத்துக்குத் திரையரங்கப் பிரதி, தொலைக்காட்சிப் பிரதி, வெளிநாட்டுக்கு அனுப்பிய பிரதி என்று மூன்று நான்கு உடல்கள் இருப்பது இப்படித்தான். இத்தாலிய அரசு 2021இல் திரைப்படத் தணிக்கையையே கைவிட்டுவிட்டது. பழைய தணிக்கை ஆவணங்கள் ஆய்வாளர்களுக்குத் திறந்து கிடக்கின்றன. அவற்றைப் புரட்டிப் பார்த்து, எந்தப் பகுதி எந்த ஆண்டில் வெட்டுப்பட்டது என்று வட்டோடு வரும் சிறு கையேட்டில் அரைப் பக்கம் எழுதுவது உங்களுக்குக் கடினமான வேலையாக இருக்க முடியாது.

இனி வசனத்துக்கு வருகிறேன். என் மனக்குறையில் பெரும்பங்கு இதுதான்.

1972இல் மரியானோ லவுரெந்தி இயக்கிய, எட்விஜ் ஃபெனெக்கும் பிப்போ ஃபிராங்கோவும் நடித்த உபால்தா படத்தின் தலைப்பையே எடுத்துக்கொள்வோம். ‘குவெல் கிரான் பெட்சோ தெல்லுபால்தா, தூத்தா நூதா எ தூத்தா கால்தா’ என்பது அதன் முழுப் பெயர். உபால்தா என்ற கட்டழகி, உடுத்தியது ஏதுமின்றி, உடம்பெல்லாம் அனலாய் என்று ஏறத்தாழச் சொல்லலாம். உபால்தாவும் கால்தாவும் இயைபாக வந்து விழும் அந்தச் சந்தையடிச் சந்தத்துக்காகவே இத்தாலியில் அந்தத் தலைப்பு, படத்தைப் பார்க்காதவர்களின் வாயிலும் நிலைத்துவிட்டது. ஆங்கிலத்தில் அது ‘உபால்தா, முழு நிர்வாணமாக, கதகதப்பாக’ என்று ஆனபோது குளியலறை விளம்பரம் போலாகிவிட்டது. தலைப்புக்கே இந்தக் கதி என்றால், போரிலிருந்து திரும்பிய வீரனும் அவன் பகையாளியான ஆலைக்காரனும் ஒருவன் மனைவியை மற்றவன் விரும்பிக்கொண்டு மாறிமாறி வாய்ச்சவடால் அடிக்கும் ஒன்றரை மணி நேரத்துக்கு என்ன கதி நேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இப்படங்களில் பாத்திரங்கள் பேசுவது இத்தாலியர் வீட்டில் பேசும் மொழியன்று. 1966இல் மரியோ மோனிசெல்லி எடுத்த பிரான்கலியோனே படத்தில், கோயில் இலத்தீனும் வட்டார வழக்கும் பழம்புலவர் நடையும் கலந்து, எந்நூற்றாண்டிலும் எவரும் பேசியிராத ஒரு போலி இடைக்கால மொழியைப் படைத்தார்கள். அதன் பிறகு வந்த சரசக் கேலிப் படங்கள் அந்த மொழியைக் கூச்சமின்றி எடுத்தாண்டன. பெருமிதமான பழஞ்சொல்லை நீட்டி முழக்கிக்கொண்டே போய், கடைசிச் சொல்லில் மாட்டுத்தொழுவத்தில் வழுக்கி விழுவதுதான் அதன் நகைச்சுவை. உடலைக் காட்டும் காட்சிகள் இன்றைக்கு யாரையும் திடுக்கிட வைக்கப் போவதில்லை. அரை நூற்றாண்டுக்குப் பிறகும் சிரிக்க வைக்கக்கூடிய சரக்கு அந்தப் பேச்சில்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு ஆங்கிலத்தை மட்டும் வைத்து விற்பது, கூத்துக் கலைஞரின் வாயைக் கட்டிவிட்டு வேடத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்பது போன்றது.

இதற்கு நீங்கள் என்ன மறுமொழி சொல்வீர்கள் என்பது எனக்குத் தெரியும். அக்கால இத்தாலியப் படங்கள் படப்பிடிப்பில் ஒலியைப் பதிவு செய்தவை அல்ல. இத்தாலிய வசனமும் பின்னர் ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்த்ததே. ஃபெனெக்குக்குக்கூடப் பெரும்பாலும் வேறொரு பெண்தான் குரல் கொடுத்தார். ஆகவே எல்லா மொழியும் டப்பிங்தான், இதில் மூலம் ஏது என்பீர்கள். நியாயம்தான். ஆயினும் குரல் யாருடையதாக இருந்தாலும், எழுதியவர்கள் சிரிப்பை எண்ணிக் கட்டிய சொற்கள் இத்தாலியச் சொற்களே. ஆங்கில வசனம், வாயசைவுக்கு ஏற்றபடி அவசரமாக இட்டு நிரப்பியது. ஆங்கில ஒலித்தடத்தை எடுத்துவிடும்படி நான் கேட்கவில்லை. அதையும் ஒரு காலத்தின் சான்றாக வைத்திருங்கள். இத்தாலிய ஒலித்தடத்தையும், அதைக் கேட்டு நேரடியாகப் பெயர்த்த சப்டைட்டிலையும் அதனருகே வையுங்கள், பெயர்த்தவரின் பெயரையும் போடுங்கள்.

‘இந்தக் குப்பைக்கு இத்தனை ஆராய்ச்சியா’ என்று உங்களில் சிலர் முணுமுணுப்பது கேட்கிறது. இந்தப் படங்கள் தங்கள் குலமுதல்வராகக் காட்டிக்கொண்ட பழைய இத்தாலிய எழுத்தாளர் பொக்காச்சியோவின் டெக்கமரான் என்ற நூலுக்கும் இதே கதைதான் நடந்தது. 1348ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க்கு அஞ்சி ஃபிளாரன்ஸை விட்டு வெளியேறிய பத்துப் பேர் பத்து நாளில் சொல்லும் அந்த நூறு கதைகளை, திருச்சபை 1559இல் தடைப்பட்டியலில் சேர்த்தது. பின்னர் 1573இல் ஃபிளாரன்ஸில் அறிஞர் குழு ஒன்று திருத்திய பதிப்பை வெளியிட்டது. அதில் தவறு செய்யும் துறவிகளும் கன்னியாஸ்திரீகளும் பொதுமக்களாக மாற்றப்பட்டார்கள். தவறு மட்டும் பெரும்பாலும் அப்படியே இருந்தது! 1903இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றில், மூன்றாம் நாளின் பத்தாவது கதையில் சூடான பகுதி வந்ததும் மொழிபெயர்ப்பாளர் பேனாவை வைத்துவிட்டு இத்தாலிய மூலத்தையே அச்சிட்டுவிட்டார். இன்று டெக்கமரானைப் பதிப்பிக்கும் எவரும் எந்தச் சுவடியைப் பின்பற்றினோம் என்று முன்னுரையில் சொல்லாமல் விடுவதில்லை. பெர்லினில் உள்ள பொக்காச்சியோவின் கைப்பட்ட சுவடியை 1962இல் அடையாளம் கண்ட நாள் முதல் அந்த விவாதமே வேறு தளத்துக்குப் போய்விட்டது. உபால்தாவுக்கு அவ்வளவு மரியாதை வேண்டியதில்லை. அதில் பத்தில் ஒரு பங்கு போதும்.

அந்த நூலை வைத்து இத்தாலிய இயக்குநர் பசோலினி எடுத்த டெக்கமரான் படம் 1971இல் பெர்லின் திரைப்பட விழாவில் வெள்ளிக் கரடி வாங்கியது. வசூலிலும் வெற்றி பெற்றது. அந்த வெற்றியைக் கண்டுதான் அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளில் இத்தாலியத் தயாரிப்பாளர்கள் இந்தச் சரக்கைச் சரம்சரமாக இறக்கினார்கள். பசோலினியின் படம் வட்டாக வரும்போது நேப்பிள்ஸ் வட்டாரப் பேச்சுடன், டனிலோ டொனாட்டியின் உடையமைப்பு, டான்டே ஃபெரெட்டியின் அரங்கமைப்பு எல்லாவற்றையும் பெயர் சொல்லிப் பாராட்டும் கட்டுரைகளுடன் வருகிறது. அதன் மலிவுப் பிள்ளைகளுக்கு வரும்போது அந்தக் கண்ணியம் எங்கோ போய்விடுகிறது. இந்த வேறுபாட்டைப் பசோலினியும் விரும்பியிருப்பார் என்று வாதிடலாம். டெக்கமரான் உள்ளிட்ட தம் மூன்று படங்களையுமே 1975இல் அவர் மறுதலித்து எழுதிய கட்டுரை இருக்கிறது. ஆனால் தரத்தைப் பற்றிய தீர்ப்பு பார்ப்பவருக்கு உரியது. பிரதியைப் பற்றிய நேர்மை விற்பவரின் கடமை.

மேலுறைப் படங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். படத்தில் இல்லாத காட்சியை, படத்தில் நடிக்காத பெண்ணின் உடலை வரைந்து ஒட்டுவது வீடியோ நாடாக் கடைகளின் காலத்தில் வேண்டுமானால் பிழைப்புக்கு வழியாக இருந்திருக்கலாம். இன்று உங்களிடம் வாங்குபவர் ஏற்கெனவே அந்தப் படத்தை அறிந்து தேடி வருபவர். ஃபெனெக்கைப் பற்றி உங்கள் பின்னட்டைகள் சொல்வதெல்லாம் அவர் உடலளவு மட்டுமே. அவர் பின்னாளில் தயாரிப்பாளராகி, அல் பசினோ நடித்த 2004ஆம் ஆண்டின் ‘வெனிஸ் வணிகன்’ படத்தின் தயாரிப்பில் பங்கு கொண்டவர் என்பதை உங்கள் கையேடு எதிலும் நான் படித்ததில்லை. மறுபுறம், இப்படங்களில் பெண்ணைக் கட்டாயப்படுத்துவதைச் சிரிப்பாக்கும் காட்சிகள் உண்டு. மனைவியைப் பண்டமாற்றாக்கும் கதைப்போக்குகள் உண்டு. அவற்றை வெட்டக் கூடாது; அதே சமயம் ‘அக்கால அப்பாவிக் குறும்பு’ என்று பூசி மெழுகவும் கூடாது. அதைப் பற்றி எழுதத் தெரிந்த ஒருவரை, முடிந்தால் ஒரு பெண்ணை, அழைத்து எழுதச் சொல்லுங்கள்.

ஃபிரான்ஸ் ஆன்டெல் என்ற ஆஸ்திரிய இயக்குநர், ஃபிரான்சுவா லெக்ரான் என்ற புனைபெயரில், லான் ஆற்றங்கரை விடுதிக்காரியைப் பற்றிய பழைய விரசப் பாட்டிலிருந்து 1967 முதல் எடுத்த வரிசைப் படங்களுக்கும் இதே கோரிக்கைதான். பாட்டின் அடிகளை விளக்காமல் அந்தப் படங்களை விற்பதில் பொருளில்லை. அதே ஆன்டெல் 1981இல், நாட்சிகளை எதிர்த்து நிற்கும் வியன்னா இறைச்சிக்கடைக்காரர் ஒருவரைப் பற்றி ‘போக்கரர்’ என்ற படத்தை எடுத்தார் என்பதும் வாங்குபவருக்குத் தெரிந்திருக்கலாம் அல்லவா?

எனவே அடுத்த வட்டின் பின்னட்டையில் மூலப் பிரதி எது, சட்டக வேகம் என்ன, ஓடும் நேரம் எவ்வளவு, முந்தைய வெளியீடுகளோடு ஒப்பிட்டால் எது கூடுதல் எது குறைவு, மூல ஒலித்தடம் உள்ளதா என்னும் ஐந்து விவரங்களை அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். முழுப் பிரதி கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை என்றே எழுதுங்கள். நான் அப்போதும் வாங்குவேன். துறவி எப்படிச் சன்னலுக்கு வெளியே போனார் என்பது எங்காவது ஒரு பிரதியில் இருந்தால், அதைத் தேடித் தருமாறு தனிப்பட்ட முறையிலும் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வட்டுகளைத் தொடர்ந்து வாங்கிவரும் ஒரு பார்வையாளன்