பாங்கோர், வாங்கோர், மாங்கோர்: மூன்றும் சரிதான்

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த வேல்ஸ் பயணக் கட்டுரையில், பாங்கோர் நகரை ஒரு பலகையில் ‘வாங்கோர்’ என்றும் இன்னொன்றில் ‘மாங்கோர்’ என்றும் போட்டிருக்கிறார்கள், சொந்த ஊர்ப் பெயரையே ஒழுங்காக எழுதத் தெரியவில்லை என்று இருந்தது. அது தவறு. வெல்ஷ் மொழியில் அப்படி எழுதாவிட்டால்தான் பிழை.

அங்கே முன்னால் நிற்கும் சொல்லைப் பொறுத்து அடுத்த சொல்லின் முதல் மெய்யே மாறும். ‘பாங்கோருக்கு’ என்றால் ‘ஈ வாங்கோர்’, ‘பாங்கோரில்’ என்றால் ‘அம் மாங்கோர்’. நம் சந்தி மாதிரிதானே, வாய்க்கு வசதியாக மாறுகிறது என்று தோன்றலாம். அவ்வளவு மட்டும் இல்லை. ‘மம்’ என்றால் அம்மா. ‘ஈ வம்’ என்றால் அவனுடைய அம்மா, ‘ஈ மம்’ என்றால் அவளுடைய அம்மா. இரண்டிலும் அதே ‘ஈ’தான். பின்னால் அவன், அவள் என்று இன்னொரு சொல் சேர்ப்பதும் உண்டு, சேர்க்காதபோது யாருடைய அம்மா என்று காட்டுவது அந்த ஒரு எழுத்து மட்டுமே!

இதற்குக் காரணம் வெல்ஷுக்குத் தாயான பழைய பிரித்தானிய மொழியில் இருக்கிறது. அன்று ‘அவனுடைய’ என்ற சொல் உயிரொலியில் முடிந்தது, ‘அவளுடைய’ என்பது சகரத்தில் முடிந்தது. இரண்டு உயிர்களுக்கு நடுவே மாட்டிய மெய் மென்மையாகிவிட்டது, அப்புறம் 5, 6ஆம் நூற்றாண்டுகளை ஒட்டிச் சொற்களின் கடைசி அசைகள் உதிர்ந்துபோயின, ஆனாலும் மென்மை அப்படியே தங்கி, உதிர்ந்த அசை செய்த வேலையைத் தானே செய்ய ஆரம்பித்தது. இதைப் போய்க் கவனக்குறைவு என்று எழுதினால் எப்படி?

கற்பவர்களுக்கு இது கஷ்டம்தான், மறுக்கவில்லை. தோட்டத்துக்கு ‘கார்த்’ என்பார்கள், பெயருக்கு முன்னால் ஆங்கில ‘the’ போன்ற சுட்டு சேர்ந்தால் முதல் மெய்யே காணாமல் போய் ‘அர் ஆர்த்’ ஆகிவிடும், அகராதியில் எங்கே தேடுவது? ஆனாலும் 2021 கணக்கெடுப்பில் வேல்ஸில் மூன்று வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 17.8 சதவீதம் பேர் இந்த மொழி பேசத் தெரியும் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் இலக்கண நூலைப் பார்த்தா பேசுகிறார்கள்?

ஒரு வேண்டுகோள். திருத்தம் வெளியிடுங்கள். இனி வெல்ஷ் ஊர்ப் பெயர்களை மாறாத வடிவத்தில், பாங்கோர் என்றே அச்சிடுங்கள். பலகையில் வேறு மாதிரி இருந்தால் அதற்கு முன்னால் என்ன சொல் நிற்கிறது என்று கட்டுரையாளர் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி