வெள்ளத்துக்கு முன்பே ஒரு வாரச் சேமிப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

மேட்டூர் அணை நிரம்பி உபரிநீர் திறக்கப்படும்போது பவானி, கொடுமுடி கரையோரங்களில் தண்ணீர் புகுகிறது. இதற்காக உணவு சேமிக்கப் புதிதாகத் தொடங்குபவர்கள் விலை உயர்ந்த அவசரகால உணவுப் பொட்டலங்களை வாங்க வேண்டியதில்லை. வாரச் சந்தையே போதும். நால்வருக்கு ஒரு வாரத்துக்கு அரிசியும் ராகியுமாக 10 கிலோ, பாசிப்பருப்பு 2 கிலோ, உப்பு, எண்ணெய். அடுப்பு எரியாத நாளுக்கு அவல் 2 கிலோ, பொட்டுக்கடலை 1 கிலோ, நாட்டுச் சர்க்கரை 1 கிலோ. அவல் பச்சைத் தண்ணீரிலேயே ஊறிவிடும்.

பலரும் தவறுவது மாவில்தான். கம்பு மாவு அதன் எண்ணெய்ச் சத்தால் சில நாட்களிலேயே கசந்துவிடும், தானியமாகவே வையுங்கள். வெயிலில் காயவைத்து, முழுவதும் ஆறிய பிறகே டின்னில் அடையுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். சிமென்ட் தரையில் நேராக வைக்காமல் பலகை போடுங்கள். வெள்ளம் வரும் வீடென்றால் பரண்தான் சரி. பழையதை முதலில் சமைத்து, புதியதை அடியில் போடுங்கள்.

குடிக்க மட்டும் தலைக்குத் தினம் 3 லிட்டர் என்றால் 84 லிட்டர்; 20 லிட்டர் கேன் ஐந்து. டார்ச்சுக்கான பேட்டரியைக் கழற்றித் தனியே வையுங்கள், உள்ளேயே விட்டால் கசிந்து முனை அரித்துவிடும். உப்பு-சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டுகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

ஆற்றோரக் குடும்பங்கள் ஆடிக்கு முன்பே இவற்றைச் சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
பவானி வட்டார வாசகர்கள்